முன்வரவு

ஹித் உலர்துறையில் எனக்கு டைம்கீப்பர் வேலை.
ஏழு மணி ஷிஃப்டுக்கு
ஆறேகாலுக்கே வந்து கார்டு தேய்ப்பவனின்
முக்கால் மணி நேரத்தை
இயந்திரம் எண்ணாது.
ஏழு என்றே எழுதிக்கொள்ளும்.
யாரும் சண்டைக்கு வந்ததில்லை.
கேம்ப் பஸ் சீக்கிரம் கிளம்பியதற்கு
யார் சம்பளம் தருவார்?

மகள் பிறந்தது ஏப்ரல் ஒன்பது.
பிறக்க வேண்டியது ஜூன் இருபத்தைந்து.
இடையில் எழுபத்தேழு நாள்.
ஏழால் வகுத்தால் மீதியில்லாமல் பதினொன்று.
வயதிலிருந்து இதைக் கழித்துக்கொண்டே வாருங்கள் என்றார்
டாக்டர் ஸைனப்.
சிரிப்பது, தலை நிற்பது, கவிழ்வது
எல்லாம் கழித்த வயதுக்கு.
தடுப்பூசி மட்டும் பிறந்த தேதிக்கு.
வலிக்குச் சலுகை இல்லை.

முதன்முதலில் கழித்துப் பார்த்த அன்று
விடை பூஜ்யத்துக்குக் கீழே போனது.
மூன்று வாரப் பிள்ளைக்கு
வயது மைனஸ் எட்டு.

கண்ணாடிப் பெட்டிக்குள்
என் சுண்டுவிரல் பருமனில் ஒரு கை.
மூச்சு விட அவள் மறக்கும்போதெல்லாம்
மெஷின் கத்தும்.
சிஸ்டர் ரொவேனா உள்ளங்காலை லேசாகச் சுண்டுவாள்.
ஞாபகம் வந்து
மறுபடி இழுப்பாள்.

ரெஜினி பாலைப் பிழிந்து
சின்னப் பாட்டிலில் தேதி எழுதி ஒட்டுவாள்.
ஐஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு
பாலம் தாண்டி டாக்ஸியில் போவோம்.
பேசமாட்டோம்.

ஜூன் இருபத்தைந்தும் வந்தது.
பிள்ளை வீட்டுக்கு வந்து அன்றைக்கு ஒன்பது நாள்.
மொட்டைமாடி டேங்கில் தண்ணீர் கொதித்தது.
முந்தின ராத்திரியே பிடித்து
ஏசி அறையில் ஆறவைத்த வாளியிலிருந்து
முகந்து குளிப்பாட்டினோம்.
இன்றைக்கு இவளுக்குப் பூஜ்யம் என்றேன்.
ரெஜினி தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்,
இன்னும் யாரோ உள்ளே
இருக்கிறார்களா என்பதுபோல.

அக்டோபரில் வீடியோவில் மைனி:
"ஆறு மாசமாச்சே, பிள்ள கமந்தாளா?
பிரபினா மவன் முட்டுக்கால் போடுதான்."
மூணரை மாசந்தான் மைனி.
"போல, எனக்குக் கணக்கு தெரியாதாக்கும்?"
அங்கே பத்து மணி, இங்கே ஏழரை.
பன்னிரண்டு வருஷமாய்
இரண்டரை மணி நேரத்தைக் கழித்துத்தான்
ஊரோடு பேசுகிறேன்.
அந்தக் கழித்தலை மட்டும்
ஒருவரும் கேட்டதில்லை.

இருபத்தாறில் பதினொன்று போகப் பதினைந்து.
நாலு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன்.
கணக்கில் தப்பில்லை.
இரண்டு வயதானதும்
கழிப்பதை விட்டுவிடலாமாம்.

ஆனால்
கழித்த பதினொன்றை எங்கே எழுதுவது?
அந்த வாரங்களில்தானே
அவள் ஓயாமல் வேலை பார்த்தாள்.
ஆயிரத்து நூற்றெண்பது கிராமில் தொடங்கி
ஒருநாள் இருபது கூட்டி
மறுநாள் பதினைந்தைத் தொலைத்து
அதற்கும் மறுநாள் அதைத் தேடியெடுத்து.
வெள்ளிக்கிழமை லீவு கிடையாது.
ஒவ்வொரு மூச்சையும்
கையால் இறைக்கிற மாதிரி.
என் ஷீட்டில் இதற்குக் கட்டமில்லை.
ஓவர்டைம் என்றால்கூட
ஷிஃப்ட் முடிந்த பிறகுதான்,
தொடங்குவதற்கு முன்னால் அல்ல.

இன்று காலை குனிந்து முத்தமிட்டபோது
என் அடையாள அட்டையின் நாடாவைப் பிடித்துக்கொண்டாள்.
விடவில்லை.
கீழே பஸ் ஹாரன் அடித்தது.
பதினைந்து வாரத்துக்கு
நல்ல பிடிதான் என்பார் டாக்டர்.
இருபத்தாறு வாரப் பிடி அது.
எனக்குத் தெரியும்.

பஸ் போய்விட்டது.
ஏழு இரண்டுக்குக் கார்டு தேய்த்தேன்.
தாமதம் என்று
உடனே எழுதிக்கொண்டது இயந்திரம்.